நான் அடைத்த அரை அங்குலம்

ஓய்வு பெற்று மூன்று வருடங்கள் ஆகின்றன. பட்டறையிலிருந்து யாராவது அழைத்தால் அந்தப் பழைய சாவி எங்கே, இந்த மரத்துக்கு எந்தப் பசை என்ற மாதிரிக் கேள்விதான் வரும். போன மாதம் மேகலா கேட்டது வேறு. மேகலா கோயம்புத்தூர்க்காரர், பொறியியல் படித்தவர். எங்கள் பட்டறையின் வரைபடங்களை எல்லாம் இப்போது கணினியில் வரைகிறவர் அவர்தான்.

"தேவன் சார், ரைபிள் கிளப்புக்கு இன்னும் மூணு டேபிள் கேக்கறாங்க. பழைய டிராயிங்கைப் பாத்துட்டு இருக்கேன். ஒவ்வொரு காலையும் சுத்தி, காலுக்கும் தரைப் பலகைக்கும் நடுவுல அரை இஞ்ச் கேப் இருக்கு. தப்பா விழுந்த அளவா? க்ளோஸ் பண்ணிடட்டுமா?"

"அடைக்க வேண்டாம்" என்று உடனே பதில் போட்டேன். "ஏன் சார்?" என்று திரும்பக் கேட்டிருந்தார். அதற்கு மூன்று நாள் பதில் எழுதவில்லை. அந்த அரை அங்குலத்தை நான் ஒருமுறை அடைத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று பட்டறையில் இப்போது இருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. எழுத உட்கார்ந்தபோது இவ்வளவு வந்துவிட்டது. இதில் நான் நல்ல பெயர் எடுக்கிற இடம் அதிகம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுன்னாகத்தில் ஒரு மரவேலைத்தலத்தில் தொழில் பழகினேன். நாட்டு நிலைமை துரத்த லண்டன் வந்தேன். ஐந்து வருடம் பெற்றோல் நிலையத்திலும் உணவகத்துச் சமையலறையிலும் கழிந்தது. பிறகு ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே ஒரு மரப்பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். போனவன் இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன். அலுமாரி, படிக்கட்டு, ஜன்னல், கோயிலுக்கு வாகனம் வைக்கிற பீடம் என்று கேட்டதெல்லாம் செய்தோம்.

தலைக்கு மேலே ரயில் போகிற நேரம் யார் பேசினாலும் கேட்காது. ஆகவே ரயில் வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம், போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு மாதத்தில் அவர்களும் பழகிவிடுவார்கள்.

பட்டறையின் மேற்பார்வையாளர் சிவபாலன். எங்களுக்குப் பாலண்ணை. அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. பிழையான வேலையைக் கண்டால் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போடுவார், குனிந்து பிழையைப் பார்ப்பார். செய்தவனைப் பார்க்கமாட்டார். "சரி, இப்ப என்ன செய்யப்போறாய்?" என்று மரத்தைப் பார்த்தபடியே கேட்பார். நாலு வார்த்தை ஏசிவிட்டால் நிம்மதியாக இருக்குமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

என்னைப் பட்டறையில் கடதாசித் தேவன் என்று கூப்பிடுவார்கள். இரண்டு மரத்துண்டுகளைப் பொருத்தினால் பொருத்துக்குள் ஒரு கடதாசித் தாளைச் செருகிப் பார்ப்பேன். கடதாசி நுழைந்தால் பிரித்துத் திரும்பச் செய்வேன். பழைய வீடொன்றில் நான் பொருத்திய ஜன்னல் இருக்கையை அந்த வீட்டுக்காரி விரலால் தடவி, சுவர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லையே என்றார். அன்றைக்கு எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. இடைவெளி தெரிவது வெட்கம் என்றுதான் நான் தொழில் பழகிய இடத்தில் சொல்லித்தந்தார்கள், நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பாலண்ணை ஒருமுறை, "உனக்குப் பல்லிடுக்கு இருந்தாலும் மரம் வைச்சு அடைச்சிருப்பாய்" என்று பகிடி பண்ணினார்.

சுடும் மேசை வேலை வந்தது நான் அங்கே சேர்ந்து பதினாறு வருடத்துக்குப் பிறகு. லண்டனுக்குத் தெற்கே, சட்டன் என்ற ஊரையும் தாண்டி, ஒரு சிறிய துவக்குச் சங்கம், மேகலா சொன்ன ரைபிள் கிளப். அதன் தலைவர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். எல்லோரும் அவரைக் கப்டன் என்றே அழைத்தார்கள். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "சண்டைக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்து, இப்ப துவக்குக்கு மேசை செய்யிறியளோ?" என்றாள். எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை. போய்ப் பார்த்தபோதுதான் அந்த விளையாட்டு எங்கள் ஊரில் நாங்கள் கண்டு பயந்தது போல் இல்லை என்று தெரிந்தது. ஆள் கதிரையில் உட்கார்ந்திருப்பார். துவக்கு மேசையில், முன்னால் ஒரு மணற்பை, பின்னால் ஒரு மணற்பை என்று அவற்றின் மேல் படுத்திருக்கும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு அட்டை. ஐந்து முறை சுட வேண்டும். ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதுதான் கணக்கு. வீரம் ஒன்றும் இல்லை. ஊசியில் நூல் கோர்ப்பது போன்ற பொறுமைதான்.

அங்கே இருந்தவை பூங்காவில் கிடப்பது போன்ற பழைய மேசைகள், இருக்கையும் மேசையும் ஒரே சட்டத்தில். பாலண்ணை அன்றைக்கு அளவு எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சுடுகிறவர்களுக்குப் பின்னால் கதிரை போட்டுச் சும்மா இருந்தார். மத்தியானம் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். மேலே ஒருவர் இருந்து சுட, கீழே இவர் கையைக் காலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பி வந்து, "அந்தாள் மூச்சு விட மேசையும் மூச்சு விடுது" என்றார்.

இந்த விளையாட்டில் மேசையின் வேலை ஒன்றே ஒன்றுதான், அசையாமல் இருப்பது. மேசை ஒரு மயிரிழை சரிந்தால் ஐம்பது மீட்டரில் ஓட்டை ஒரு நகத்தளவு விலகும். பாலண்ணை வரைந்த மேசைக்கு மூன்று கால். நான்கு கால் என்றால் என்றாவது ஒன்று நிலத்தை விட்டு எழும்பும், மூன்று எப்போதும் ஊன்றி நிற்கும். துவக்கின் வாய்ப்பக்கம் இரண்டு, ஆள் இருக்கும் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் ஆறு அங்குலச் சதுரம். மேற்பலகைக்கு பேர்ச் பிளைவுட்டை நான்கு அடுக்காக ஒட்டி அழுத்தினோம், மூன்று அங்குலத் தடிப்பு வந்தது. விளிம்புக்கு ஓக். வலக்கைக்காரருக்கு மேசையின் இடது பின்மூலை வெட்டப்பட்டிருக்கும். உடம்பு அந்த வெட்டுக்குள் போகும், வலது முழங்கை பலகையில் தங்கும். கதிரை மேசையில் முட்டக்கூடாது.

கொட்டகை ஈரச் சரிவில் நின்றதால் தரையை உயர்த்திப் பலகை அடித்திருந்தார்கள். ஆட்கள் நடக்கிறதும் கதிரை போடுகிறதும் அந்தப் பலகையில். பாலண்ணை மேசையை அதில் நிறுத்தவில்லை. தரைப் பலகையில் ஓட்டை வெட்டி, கால்களை அதற்குள்ளால் இறக்கி, அடியில் மண்ணில் ஊற்றிய கொங்கிரீட்டில் நிறுத்தினார். ஓட்டை காலை விடப் பெரிது. சுற்றிவர அரை அங்குல வெளி. "காலும் பலகையும் முட்டப்படாது" என்று வரைபடத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தார், மேகலா கையில் இருக்கும் தாளில் அது அழிந்துபோயிருக்க வேண்டும்.

ஐந்து மேசைகள் கேட்டிருந்தார்கள். நான்கு வலக்கைக்கு, கதவோரம் நிற்கும் ஒன்று மட்டும் இடக்கைக்கு. சங்கத்தில் இடக்கையால் சுடுகிறவர் ஒரே ஒருவர்தான். அளவு கொடுக்க அவர் வந்தபோது எங்கள் ஆள் என்று கண்டு ஆச்சரியப்பட்டேன். டாக்டர் கோமதி. திருநெல்வேலிக்காரர், சட்டனில் வீடு. கண் அறுவைச் சிகிச்சை செய்கிறவர். வயது அறுபதை நெருங்கியிருக்கும்.

"நீங்க யாழ்ப்பாணமா?" என்று கேட்டார்.

"ஓம், சுன்னாகம்" என்றேன். "டொக்டர், நீங்கள் எப்பிடி இந்தப் பக்கம்?"

"கூட வேலை பாத்த ஒரு நர்ஸ் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க விட்டுட்டாங்க, நான் விடலை" என்று சிரித்தார். பிறகு தன் இடக்கையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார். "வாரம் முழுக்க மத்தவங்க கண்ணைப் பாக்கிறேன். ஞாயித்துக்கிழமை என் கையைப் பாத்துக்கிறேன். இங்க துப்பாக்கியைத் தாங்கிறது மணல் மூட்டைதான். அப்படியும் அட்டையில ஓட்டை பரவுச்சுன்னா என் கிட்ட ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். அன்னிக்கு நான் கத்தியை வெச்சிடணும்."

பாலண்ணை அவரைக் கதிரையில் இருத்தி, முழங்கை உயரம், தோளிலிருந்து பலகைக்கு உள்ள தூரம், முழங்கால் போகும் இடம் எல்லாம் எடுத்தார். ஒரு மேசைக்கு அவர் அவ்வளவு நேரம் செலவழித்து நான் கண்டதில்லை.

இடக்கை மேசையைத்தான் முதலில் நிறுத்தினோம், டாக்டர் இரண்டு ஞாயிறு அதில் சுட்டார். ஐந்தையும் நிறுத்தி முடித்த நாள் பாலண்ணை வீட்டிலிருந்து ஒரு பீங்கான் தட்டம் கொண்டுவந்திருந்தார், தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைப்பது. பட்டறையில் இந்தச் சோதனை செய்ய வழியில்லை, ரயிலுக்குக் கட்டடமே ஆடும். தட்டத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மேசை நடுவில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார்.

"குதி" என்றார்.

வேலைச் சப்பாத்தோடு தரைப் பலகையில் குதித்தேன்.

"என்ன, விரதமோ? உரத்துக் குதி."

கொட்டகை அதிரக் குதித்தேன். தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது. ஐந்து மேசைக்கும் ஐந்து முறை குதித்தேன். பாலண்ணை தட்டத்துத் தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டு, "காணும்" என்றார். போதும் என்ற அந்த ஒரு சொல்தான் அவர் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டு.

அன்று பின்னேரம் வேறொரு வேலையைப் பார்க்க அவர் முன்னால் போய்விட்டார். நான் கூட்டித் துடைத்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்து உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த இடக்கை மேசை. அதன் காலைச் சுற்றிக் கறுப்பாக அரை அங்குல ஓட்டை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சப்பாத்து மண்ணும் சருகும் விழும், பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று மனம் அரித்தது. அந்த வெளி எதற்கு என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எங்கள் தொழிலில் தரைப் பலகைக்கும் சுவருக்கும் இடையில் எப்போதும் வெளி விடுவோம், ஈரத்தில் பலகை ஊதும்போது இடம் வேண்டுமே. அந்த வெளியை மேலே ஒரு சட்டம் அடித்து மறைப்போம். இதுவும் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். மேசையை அசையாமல் பிடித்திருப்பது கொங்கிரீட் என்று நினைத்தேன். வெறும் வெளி ஒரு வேலை செய்யும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. பாலண்ணையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தெரிந்த விடயத்தை ஏன் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மிஞ்சிய ஓக் துண்டுகளில் சட்டம் சீவினேன். மூலைகளைச் சாய்வாக வெட்டி, ஒவ்வொரு காலைச் சுற்றியும் நான்கு துண்டுகளாகப் பொருத்தினேன். சிறு பித்தளை ஆணிகள் அடித்தேன், காலுக்கும் தரைக்கும் இரண்டுக்குமே. சுவரோரச் சட்டத்துக்கு ஒரு பக்கம் மட்டும்தான் அடிப்போம். அன்று இறுக்கமாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் அடித்தேன். கடதாசி செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. ஒரு மேசைக்குத்தான் மரமும் நேரமும் காணுமாக இருந்தது. வேலை மிக அழகாக வந்திருந்தது. மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

ஒரு வருடம் கழித்து, ஒக்டோபரில், கப்டனிடமிருந்து பட்டறைக்கு ஒரு வேலை வந்தது. இடக்கை மேசையை வலக்கை மேசையாக மாற்றித் தர வேண்டுமாம். வெட்டிய மூலையை நிரப்பி மற்ற மூலையை வெட்டுவது ஒரு நாள் வேலை. பாலண்ணை என்னை அனுப்பினார். அன்றும் ஞாயிற்றுக்கிழமை, நாலைந்து பேர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கப்டன் ஒரு குவளையில் தேநீர் கொண்டுவந்து தந்தார். டாக்டர் எங்கே என்று கேட்டேன்.

கப்டன் தலையை அசைத்தார். பாவம், அவருக்குக் கை போய்விட்டது என்றார். புது மேசைகள் எல்லாம் வந்து முடிந்ததிலிருந்து ஓட்டைகள் பரவத் தொடங்கினவாம். துவக்கின் தொலைநோக்கிக்குள் குறுக்குக்கோடு நடுங்குவதை அவரே பார்த்தாராம். மேசையில் பிழையோ என்று கப்டனும் யோசித்து, ஒரு வார நாளில் தனியாக வந்து, வசதியில்லாமல் வளைந்திருந்து அதே மேசையில் சுட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்தன. அதை டாக்டரிடம் சொன்னதும் அவர் தன் துவக்கைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டு விலகிவிட்டாராம். மருத்துவமனையிலும் அறுவைச் சிகிச்சையை நிறுத்திவிட்டார் என்று கேள்வி என்றார்.

நான் குவளையை அந்த மேசையில் வைத்துவிட்டு ரசமட்டத்தை எடுக்கக் குனிந்தேன். யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்தார். மெலிந்த மனிதர், சாதாரண நடைதான். குவளையில் தேநீர் வளையம் வளையமாக நடுங்கியது. அவர் நின்றார், அது நின்றது. அவர் மேலங்கியைக் கழற்றி மாட்ட இரண்டடி வைத்தார், தேநீர் திரும்ப நடுங்கியது. குவளையை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த மேசையில் வைத்தேன். பக்கத்தில் நின்று மெல்ல மிதித்தேன். பிறகு ஓங்கி மிதித்தேன். ஒரு சலனம் இல்லை.

கீழே என்னுடைய ஓக் சட்டங்கள், தரையில் விழுந்த ஒவ்வொரு அடியையும் மேசைக் காலுக்கு ஏற்றியபடி இருந்தன. ஒரு வருடத்தில் நிறம் ஏறி இன்னும் அழகாகியிருந்தன. கப்டன் வந்து சுட்டது ஆளில்லாத கொட்டகையில், நடக்க யாரும் இல்லை. டாக்டர் சுட்டதோ ஞாயிற்றுக்கிழமைகளில், கதவோரத்தில்.  உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடாமல் திரும்பினேன். கப்டனிடம் உண்மையைச் சொல்ல அந்த நேரம் எனக்குத் துணிவு இருக்கவில்லை.

மறுநாள் காலை பாலண்ணையிடம் சொன்னேன். இரண்டு முறை தொடங்கினேன், இரண்டு முறையும் ரயில் வந்தது. மூன்றாவது முறை ரயில் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைப் போடவில்லை. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தினை காலுக்கு அடிச்சனி?"

"மூண்டுக்கும்."

"ரெண்டு பக்கமும் ஆணியோ?"

"ஓம் அண்ணை."

 அப்போதுதான் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "நான் போய்ச் சட்டங்களைக் கழட்டிப்போட்டு வாறன். ஈரத்தில பலகை ஊதிக் காலைப் பிடிச்சிட்டுது எண்டு கப்டனுக்குச் சொல்லுவம். ஆரும் கேக்கமாட்டினம்." அதில் பொய் என்று பிடிக்க ஒன்றும் இராது, பலகை ஊதுவது நடக்கிறதுதான். இரவு முழுவதும் யோசித்து வைத்திருந்தேன்.

"பலகை என்னடா செய்தது உனக்கு?" என்றார் பாலண்ணை. குரல் உயரவே இல்லை. "அது பேசாமல் கிடந்தது. அதில பழி போடுறாய்."

"அவ ஏற்கெனவே வேலையை விட்டிட்டா அண்ணை. இப்ப போய்ச் சொன்னால் நொந்த மனுசியை இன்னும் நோகடிக்கிறதுதானே?"

"அவ திரும்பக் கத்தி எடுக்கிறதும் விடுறதும் அவவின்ர விசயம். ஆனா தன்ர கை பழுதில்லை எண்டு அவவுக்குத் தெரிய வேணும். அதைத் தெரியாமல் அந்த மனுசி சாகப்படாது. வேலைக்கு நான் பொறுப்பு, வான் நான் ஓட்டுறன். வாயைத் திறக்கிறது நீ."

முதலில் சங்கத்துக்குப் போய்ச் சட்டங்களைக் கழற்றினோம். உளியை நான்தான் வைத்தேன். கப்டனிடம் நானே சொன்னேன். அவர் முகம் சிவந்தது. உள்ளே போய் டாக்டரின் முகவரியை எழுதிக் கொண்டுவந்தார்.

சட்டனில் பாலண்ணை வீதியோரம் வானை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்துகொண்டார். டாக்டர் கதவைத் திறந்து, "அட, தேவன்! வாங்க வாங்க" என்று சிரித்தார். காபி போடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். இருங்கள் என்றார், இருக்கவில்லை. பையிலிருந்த பன்னிரண்டு சட்டத் துண்டுகளையும் மேசையில் வைத்து, நின்றபடியே சொல்லி முடித்தேன். இடையில் குழம்பிவிட்டேன், திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்தார். சாய்வாக வெட்டிய மூலையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "ரொம்ப நேர்த்தியா செஞ்சிருக்கீங்க" என்றார். என் தொழில் வாழ்க்கையில் நான் கேட்ட பாராட்டுகளில் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுப்பது அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நோயாளியை விசாரிப்பது போல் கேட்டார். எந்த நாள் அடித்தீர்கள், காலையா மாலையா, எத்தனை ஆணி. உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். அவர் சுட்ட அட்டைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அதே மேசையில் அதற்கு முந்தைய ஞாயிறு சுட்ட அட்டையில் ஐந்து ஓட்டைகளும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு இருந்தன. அடுத்ததில் சிதறிக் கிடந்தன. நான் சட்டம் அடித்ததற்குப் பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது.

"பிப்ரவரியில ஆபரேஷனை நிறுத்தினேன்" என்றார். "கூட வேலை செய்யிற ரெண்டு பேர் என்னை டெஸ்ட் பண்ணாங்க. உங்க கைக்கு ஒண்ணும் இல்லைன்னாங்க. பாவம் பாத்துச் சொல்றாங்கன்னு நினைச்சேன். நான் அட்டையை நம்பினேன்." ஃபைலை மூடினார். "வீட்டுல பேரனைத் தூக்கறதுக்குக்கூட உக்காந்துதான் தூக்குவேன். கீழ போட்டுடுவேனோன்னு பயம்."

நான் கை கூப்பினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

"இப்ப நீங்க போங்க, தேவன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. போய் வானில் ஏறினேன். ஃபாரஸ்ட் கேட் வரும் வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் தெருவைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்துக் கப்டன் அழைத்தார். டாக்டர் வருகிறாராம், மேசை செய்தவரும் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாராம். போனேன். டாக்டர் தன் பழைய துவக்கைப் பைகளின் மேல் வைத்து, கதிரையைச் சரிசெய்து, காதுக்கவசத்தைப் போடுவதற்கு முன் என் பக்கம் திரும்பினார். என் காலைப் பார்த்தார்.

"அந்த ஷூவோடதானே வேலை செய்வீங்க? நான் சுட்டு முடிக்கிற வரைக்கும் எனக்குப் பின்னால நடங்க. மெதுவா இல்ல. நல்லா மிதிச்சு."

நடந்தேன். கதவிலிருந்து சுவர் வரை, சுவரிலிருந்து கதவு வரை. தரைப் பலகை தடதடத்தது. மற்றவர்கள் சுடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு வெடிக்கும் என் நெஞ்சு தூக்கிப் போட்டது, ஆனாலும் நிற்கவில்லை. ஐந்தாவது வெடி முடிந்த பிறகும் இரண்டு சுற்று நடந்திருப்பேன், கப்டன் தோளில் கை வைத்த பின்தான் நின்றேன்.

அட்டை வந்தது. ஐந்து குண்டுகளுக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. என் சுண்டுவிரல் நகத்துக்கும் சிறியது. கப்டனும் மற்றவர்களும் கை தட்டினார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. தன் இடக்கையை மேசையில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

அறுவைச் சிகிச்சைக்குத் திரும்பப் போவீர்களா என்று கப்டன் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் ஏதோ சுருக்கமாகச் சொல்லிவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார். "கை இருக்கு. ஆனா ஒன்பது மாசமா கத்தி பிடிக்காத கை. மறுபடி ஆறு மாசம், ஒரு வருஷம் ஒருத்தர் பக்கத்துல நின்னு பாக்கணும். அதுக்குள்ள எனக்கு வயசாயிடும். யாரோ ஒருத்தரோட கண்ணை வெச்சு எனக்கு நானே நிரூபிச்சுக்க விரும்பலை." பிறகு, "நீங்க வந்து சொல்லாம விட்டிருக்கலாம். சொன்னீங்க. அதுக்கு நன்றி" என்றார்.

அவர் திரும்பக் கத்தி எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுட வந்தார். நான் ஓய்வு பெறும் வரை வருடத்துக்கு ஒருமுறை அந்த மேசைகளைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு முறையும் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார், பிள்ளைகளை விசாரித்தார், பேரன் நீச்சல் பழகுகிறான் என்று படம் காட்டினார். மன்னித்துவிட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த மனுசியின் நல்ல மனசுக்கு, நான் கேட்டேன் என்பதற்காகவே சொல்லியிருப்பார்.